கேள்வி–பதில்: இரவு ஓட்டத்துக்கு அகச்சிவப்பு விளக்கு

இந்த மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பல, ஐ.ஆர். எனப்படும் அகச்சிவப்பு விளக்கை வீட்டிலேயே செய்து வண்டியில் மாட்டுவதைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்துள்ளோம்.

ராயக்கோட்டை, பிக்கப் ஓட்டுநர்: தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புகிறேன். எதிரே வருகிறவர்கள் லைட்டை டிம் பண்ணுவதே இல்லை. பம்பரில் ஐ.ஆர். லைட் மாட்டினால் யாருக்கும் கண் கூசாமல் நூறு மீட்டர் தெரியும் என்கிறார் ஒரு மெக்கானிக். உண்மையா?

விளக்கை மட்டும் மாட்டினால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அகச்சிவப்பு ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. அந்த ஒளியைப் பார்க்கக்கூடிய கேமராவும், படத்தைக் காட்டும் திரையும் வேண்டும். விளக்கு, கேமரா, திரை மூன்றும் சேர்ந்ததுதான் 'நைட் விஷன்'. மூன்றில் செய்வதற்குச் சுலபமானது விளக்கு. பணமும் பொறுமையும் போவது கேமராவில்.

இதில் இரண்டு வகை உண்டு. நாமே ஒளி பாய்ச்சி, அது பட்டுத் திரும்புவதைப் பார்ப்பது ஒன்று. இதற்கு 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளம் உள்ள எல்.இ.டி. பயன்படும். டொயோட்டா 2002-ல் லேண்ட் குரூசரிலும், மெர்சிடிஸ் 2005-ல் எஸ் கிளாஸிலும் வைத்தது இந்த வகை. மற்றது தெர்மல் கேமரா. அதற்கு விளக்கே தேவையில்லை. உடம்புச் சூட்டையே படமாகக் காட்டும். கேடிலாக் டிவில் காரில் 2000-லேயே வந்தது அதுதான். வீட்டில் செய்யக்கூடியது முதல் வகை.

பலன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லோ பீமில் தெளிவாகத் தெரிவது சுமார் 40 முதல் 60 மீட்டர். காய்ந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை விநாடியையும் சேர்த்து, நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும், 80 கி.மீ. வேகத்தில் 70 மீட்டர். லோடு ஏற்றிய பிக்கப்புக்கு இன்னும் கூடும். ஆக, 80-ல் போகும்போது லோ பீம் வெளிச்சம் முடிகிற இடத்துக்கு அப்பால் படுத்திருக்கும் மாட்டை நீங்கள் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும். அந்த 60-லிருந்து 100 மீட்டர் வரையிலான துண்டைக் காட்டுவதுதான் இந்த ஏற்பாட்டின் வேலை. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஹெட்லைட்டை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்து ஓட்டலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். திரையை ஒரு விநாடி பார்த்தால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி 17 மீட்டர் போயிருக்கும்.

பாலக்கோடு, ஐ.டி.ஐ. மாணவர்: 12 வோல்ட் வண்டிக்கு விளக்கு செய்யும் முறையை அளவுகளோடு சொல்லுங்கள் சார். 5 மி.மீ. எல்.இ.டி. ஐம்பது வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த ஐம்பதைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. எல்.இ.டி.யால் வீட்டு வாசல் வரை ஒளி போகும், சாலைக்குப் போதாது. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒரு பங்காகும். 20 மீட்டரில் நன்றாகத் தெரிகிற விளக்கு 80 மீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். எல்.இ.டி. எண்ணிக்கையைக் கூட்டுவதை விட லென்ஸ் போட்டு ஒளியைக் குவிப்பதுதான் வழி.

ஒரு விளக்குக்கு வேண்டியவை: 3 வாட் வகை 850 நானோமீட்டர் எல்.இ.டி. ஐந்து, 20 மி.மீ. நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒட்டியதாக. 15 டிகிரி லென்ஸ் மூன்று, 45 டிகிரி லென்ஸ் இரண்டு. குறைந்தது 100-க்கு 60 மி.மீ. அளவில் துடுப்பு வைத்த, சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும், எல்.எம்.2596 ஐ.சி. கொண்ட பக் மாட்யூல். அதிலும் வோல்டேஜ், கரன்ட் இரண்டுக்கும் தனித்தனித் திருகு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கரன்ட் திருகு இல்லாதது இந்த வேலைக்கு ஆகாது. மேலும் 1.5கே.இ.24ஏ டி.வி.எஸ். டயோடு ஒன்று, 3 ஆம்பியர் சாட்கி டயோடு ஒன்று, 2 ஆம்பியர் பியூஸ், ஹோல்டர், 0.75 சதுர மி.மீ. ஒயர், சுவிட்ச். பெட்டிக்குப் பழைய பாக் லேம்ப் கூடு நன்றாகப் பொருந்தும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு ஹீட் சிங்கை அதன் முதுகில் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள்.

ஐந்து எல்.இ.டி.யையும் தொடரிணைப்பில் கோர்க்க வேண்டும். ஒன்றுக்கு 1.5 முதல் 1.8 வோல்ட் என்றால் மொத்தம் 7.5 முதல் 9 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். பக் மாட்யூலுக்குப் போதுமான இடைவெளி. எல்.இ.டி.யின் உச்ச அளவு 700 மில்லி ஆம்பியர் என்றிருந்தாலும் 600-ல் நிறுத்துங்கள். ஒளி குறைவது கண்ணுக்கோ கேமராவுக்கோ தெரியாது, சூடு குறைவது தெரியும்.

மாட்யூலைச் செட் செய்யும் வரிசை முக்கியம். முதலில் எல்.இ.டி.யை இணைக்காமல் 12 வோல்ட் கொடுத்து, வெளியீட்டை 10 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். பிறகு கரன்ட் திருகை இடதுபுறம் முழுக்கக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து வெளியீட்டின் இரு முனைகளுக்கும் நேராகக் கொடுங்கள். கரன்ட் கட்டுப்பாடு உள்ள மாட்யூல் என்பதால் இந்த ஷார்ட் ஒன்றும் செய்யாது. மீட்டர் 0.60 காட்டும் வரை மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு திருகின் தலையிலும் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வையுங்கள். சாலைக் குலுக்கலில் இந்தத் திருகுகள் தானாக நகரும். அப்படி நகர்ந்துதான் பல விளக்குகள் காரணம் தெரியாமல் கருகுகின்றன.

பேட்டரி பக்கமிருந்து வரிசை இது: பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், அடுத்து சுவிட்ச், அடுத்து சாட்கி டயோடு (பிளஸ் மைனஸ் மாறிக் கொடுத்தாலும் மாட்யூல் பிழைக்கும்), அதன் பின் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே டி.வி.எஸ். டயோடு, கடைசியாக மாட்யூல். டி.வி.எஸ்.ஸின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி ஒயர் லூஸாகி விலகினால் ஒரு கணம் பல பத்து வோல்ட் பாயும். அதை விழுங்குவதற்குத்தான் இது. ஒரு விளக்கு பேட்டரியிலிருந்து எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. இரண்டு விளக்குக்கும் அந்த 2 ஆம்பியர் பியூஸே போதும். இக்னிஷன் சாவிக்குப் பின்னாலிருந்து லைன் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விளக்கு என்பதால் அணைக்க மறந்தால் விடியும் வரை எரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். காலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் தெரியும்.

கோளாறு வரும் இடங்கள் மூன்று. சில மலிவு எல்.இ.டி.யில் அடியிலுள்ள உலோகப் பகுதி ஒரு காலோடு உள்ளுக்குள் இணைந்திருக்கும். அவற்றை ஒரே ஹீட் சிங்கில் திருகினால் தொடரிணைப்பு ஷார்ட் ஆகி இரண்டொன்றுதான் எரியும். மாட்டுவதற்கு முன் தட்டுக்கும் கால்களுக்கும் இடையே மல்டிமீட்டர் 'பீப்' அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டாவது, எல்.இ.டி. தட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட். தடவித் தள்ளக் கூடாது. தட்டை அழுத்தினால் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் வெளிவர வேண்டும். விளக்குக்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. ஹீட் சிங்க் இல்லாமல் 'எரிகிறதா பார்ப்போம்' என்று சில நிமிடம் விட்டாலே எல்.இ.டி. செத்துவிடும், அல்லது நிரந்தரமாக மங்கிவிடும். மூன்றாவது, சிலிக்கான் பசை. புளித்த காடி வாடை அடிக்கிற வகை ஆறும்போது அமிலத்தை விடும்; மூடிய பெட்டிக்குள் அது செம்பையும் சால்டரையும் பச்சை பிடிக்க வைக்கும். வாடை இல்லாத 'நியூட்ரல்' வகையாக வாங்குங்கள்.

எரிகிறதா என்று பார்க்க போனின் முன்பக்க செல்ஃபி கேமரா போதும், எல்.இ.டி. வெண்ஊதாவாகத் தெரியும். பல போன்களில் பின்பக்க கேமரா ஐ.ஆர். ஒளியை அதிகமாக வடிகட்டிவிடும். அதில் தெரியவில்லை என்பதற்காக விளக்கைப் பிரிக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி: சி.சி.டி.வி. கடையில் கிடைக்கும் 48 எல்.இ.டி. ஐ.ஆர். விளக்கை காரில் மாட்டினேன். வீட்டில் எரிகிறது. ஹெட்லைட் போட்டால், தெருவிளக்குப் பக்கம் போனால் அணைந்துவிடுகிறது.

பழுது இல்லை. அதன் முகத்தில் எல்.இ.டி.களுக்கு நடுவே வளைந்த கோடு போட்ட சின்ன வட்டம் இருக்கும், அது எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணரி. வெளிச்சம் பட்டால் விளக்கை அணைப்பதே அதன் வேலை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி மூடிவிடுங்கள். இன்னொன்று, அது 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தது. 14.4 வோல்ட்டில் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள் கடுமையாகக் கொதிக்கும். 12 வோல்ட்டுக்குச் செட் செய்த பக் மாட்யூல் வழியாகக் கொடுங்கள்.

ஓசூர்: என் டேஷ்கேமில் ஐ.ஆர். விளக்கு எரிவதே தெரியவில்லை. எந்தக் கேமரா வாங்குவது?

பகலில் நிறம் சரியாக வருவதற்காக அநேகமாக எல்லா டேஷ்கேமிலும் சென்சாருக்கு முன்னால் ஐ.ஆர். தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் லேசான இளஞ்சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ மின்னும் சின்னத் தகடு அது. அதைக் கழற்றலாம், ஆனால் கழற்றியதும் ஃபோகஸ் தப்பும். லென்ஸ் திருகக்கூடியதாக இல்லாமல் பசை போட்டு ஒட்டியிருந்தால் கேமரா வீண். பகலில் மரமெல்லாம் வெளுத்து, கறுப்புச் சட்டை கத்திரிப்பூ நிறமாகும். புதிதாக வாங்குவதே நல்லது.

சோனியின் ஐ.எம்.எக்ஸ்.307 அல்லது 290 சென்சார் உள்ள ஏ.எச்.டி. கேமரா போர்டு, திருகிக் கழற்றக்கூடிய எம்12 லென்ஸோடு கேளுங்கள். வைஃபை கேமராவும் ஐ.பி. கேமராவும் வேண்டாம். படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் கால் விநாடியிலிருந்து அரை விநாடி வரை தாமதமாகும், 60 கி.மீ. வேகத்தில் அரை விநாடி என்பது 8 மீட்டர். திரையில் மாடு தூரத்தில் இருக்கும், நிஜத்தில் பம்பருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஒயரில் நேராகப் போகும் ஏ.எச்.டி.யில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உங்கள் கேமராவின் தாமதத்தை அளக்க ஒரு வழி: ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவுக்கு எதிரே வையுங்கள். அந்தப் போனும் கேமராத் திரையும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு போனால் படம் எடுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் தாமதம். 0.1 விநாடிக்கு மேல் போனால் வண்டிக்கு எடுக்காதீர்கள்.

லென்ஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் போர்டோடு வருவது 3.6 மி.மீ. லென்ஸ். அந்தச் சென்சாரின் அகலம் 5.6 மி.மீ. அளவு, 3.6 லென்ஸில் 75 டிகிரி தெரியும். பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் 60 மீட்டரில் நிற்கும் ஆள் 7 அங்குல, 480 கோடு திரையில் 15 புள்ளி உயரம்தான் வருவார். 8 மி.மீ. லென்ஸ் போட்டால் 38 டிகிரி. அதே ஆள் 35 புள்ளி. 15 புள்ளி ஆளைக் குப்பைமேடு என்று நினைத்துக் கடந்துவிடலாம். 35 புள்ளியில் கால் நகர்வது தெரியும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி வளைவு மிகுந்த சாலைக்கு 6 மி.மீ. நடுத்தரமாக இருக்கும்.

மெனுவில் 'சென்ஸ்-அப்', 'ஸ்லோ ஷட்டர்' என்று இருப்பதை நிறுத்திவிடுங்கள். நின்று பார்க்கும்போது பளிச்சென்று காட்டி, ஓடும்போது எல்லாவற்றையும் இழுவிவிடும். ஃபோகஸை ராத்திரியில், ஐ.ஆர். விளக்கை எரியவிட்டு, 50 மீட்டர் தள்ளி உள்ள பொருளை வைத்துச் சரிசெய்யுங்கள். பகல் ஒளியில் வைத்த ஃபோகஸ் அகச்சிவப்பில் சற்றே தள்ளி விழும்.

கேமரா உள்ளே, கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் பகுதியில். விளக்கு வெளியே, பம்பரில். விளக்கையும் உள்ளே வைத்தால் முன்கண்ணாடியே பளபளவென்று திரையை நிரப்பும். பச்சைச் சாயல் உள்ள வெப்பத்தடுப்புக் கண்ணாடி ஐ.ஆர். ஒளியையும் கணிசமாக விழுங்கும். ஒரே இடத்தைக் கேமராவை வெளியே பிடித்தும் உள்ளே பிடித்தும் பார்த்தால் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதில் இன்னொரு நன்மை: முன்னால் போகும் டிப்பர் கிளப்பும் புழுதி கேமராவுக்கு நேரே மின்னாது.

காவேரிப்பட்டினம்: 850-ஆ, 940-ஆ?

850. கேமரா சென்சார்கள் 940-ல் மிகவும் மந்தம். அதே தூரத்துக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஒளி வேண்டும். 850-ல் உள்ள குறை, பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் பொட்டாகத் தெரிவது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு தெரிவது எதிரே வருகிறவரைக் குழப்பும். ஹெட்லைட் எரியும்போது அதன் பக்கத்தில் இது எடுபடாது. வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டை அணைத்ததும் இதுவும் அணையும்படி இணைத்துவிடுங்கள்.

தொப்பூர், லாரி ஓட்டுநர்: கணவாயில் மழை, மார்கழியில் பனி. ஐ.ஆர். பனியைத் துளைக்குமா? என் வண்டி 24 வோல்ட்.

துளைக்காது. விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மூடுபனித் துளியின் அளவு சில மைக்ரானிலிருந்து பத்து இருபது மைக்ரான் வரை. 850 நானோமீட்டர் என்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துளி அலையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி எப்படிச் சிதறுகிறதோ அப்படியேதான் இதுவும் சிதறும். திரையில் பால் ஊற்றினது போல வெள்ளைதான் வரும். மழையிலும் விளக்குக்கு அருகே விழும் துளிகள் வெள்ளைக் கோடுகளாக மின்னி, பின்னால் உள்ளதை மறைக்கும். தொப்பூர் இறக்கத்தில் கவனிக்க வேண்டியது கியரும் இன்ஜின் பிரேக்கும். அங்கே திரையை அணைத்துவிடுங்கள்.

24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது 28 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எல்.எம்.2596 தாங்கும் உச்சம் 40. ஆனால் மலிவு மாட்யூலில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 35 வோல்ட்தான் இருக்கும். அதைக் கழற்றி 63 வோல்ட் கெப்பாசிட்டர் போடுங்கள். ஐ.சி.யும் 60 வோல்ட் தாங்கும் எச்.வி. வகையாக இருப்பது நல்லது. டி.வி.எஸ்.ஸும் 24ஏ ஆகாது. 33 வோல்ட் வரை சும்மா இருக்கும் எஸ்.எம்.பி.ஜே.33ஏ வேண்டும். கேமராவுக்கும் திரைக்கும் தனி 12 வோல்ட் பக் மாட்யூல். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் 'தட்டி' எடுக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. ஒரு பேட்டரி எப்போதும் பாதி சார்ஜில் நின்று சீக்கிரம் போய்விடும்.

அஞ்செட்டி: நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிற சாலையில் யானை நடமாட்டம் அதிகம். இதில் யானை தெரியுமா?

நம்பிப் போகாதீர்கள். அகச்சிவப்பில் பச்சை இலை எல்லாம் வெள்ளையாக மின்னும். அந்த வெள்ளைப் புதர்களுக்கு நடுவே அசையாமல் நிற்கும் பெரிய உடம்பு, ஒரு நிழல் போலத்தான் தெரியும். மாடு, ஆடு, நாயின் கண்கள் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் நிற்கும் யானையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. விளக்கின் ஒளி சாலையில் மட்டுமே பாய்வதால், ஓரத்துக் காட்டிலிருந்து இறங்கி வருவது கடைசி நிமிடத்தில்தான் படத்துக்குள் வரும்.

இந்த வேலைக்குத் தெர்மல்தான் சரி. சிறிய 256-க்கு 192 புள்ளி கேமராவிலேயே சூடான உடம்பு குளிர்ந்த காட்டிலிருந்து பிரிந்து தெரியும். வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஜன்னல் கண்ணாடி அந்த அலைநீளத்துக்குச் சுவர். ஆகவே கேமராவை வெளியேதான் மாட்ட வேண்டும். விநாடிக்கு 9 படம் காட்டும் வகை மலிவு, 60 கி.மீ. வேகத்தில் படத்துக்குப் படம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தாவும். 25 படம் காட்டும் வகை வேண்டும். காவிரி வடக்கு, தெற்கு வன உயிரின சரணாலயங்களை ஒட்டிய பகுதி அது. ராத்திரியில் நைட் விஷன் மாட்டிய வண்டியை வனத்துறையினர் வேட்டை வண்டி என்று சந்தேகித்துச் சோதிப்பதில் தப்பு சொல்ல முடியாது. அந்தச் சாலையில் இரவுப் பயணத்தையே தவிர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பர்கூர்: எதிர் வண்டி ஹை பீம் அடித்தால் திரை முழுக்க வெளுத்துவிடுகிறது. என்ன செய்வது?

லென்ஸுக்கு முன்னால் 850-ஐ மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் வையுங்கள். இப்போதைய எல்.இ.டி. ஹெட்லைட்டில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை. ஃபில்டர் போட்டதும் எதிரே வரும் எல்.இ.டி. விளக்கு திரையில் மங்கிப்போகும். பார்க்க வியப்பாக இருக்கும். ஹாலஜன் விளக்கு அப்படியில்லை. அது கக்குவதில் பெரும்பங்கு அகச்சிவப்பே. பழைய லாரியும் பஸ்ஸும் வந்தால் திரை வெளுக்கத்தான் செய்யும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புக் குழல் ஒன்று வைத்தால் ஓரத்திலிருந்து விழும் ஒளியாவது குறையும்.

ஃபில்டர் வாங்கும்போது 10 நானோமீட்டர் அகலம் உள்ளதை எடுக்காதீர்கள். எல்.இ.டி. சூடாகச் சூடாக அதன் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் வீதம் நகரும்; 50 டிகிரி ஏறினால் 15 நகர்ந்து ஃபில்டருக்கு வெளியே போய்விடும். விளக்கு போட்டதும் நன்றாகத் தெரிந்து, கால் மணியில் மங்குகிறது என்று எழுதிய பென்னாகரம் வாசகருக்கும் இதுவே பதிலாக இருக்கக்கூடும். 40, 50 நானோமீட்டர் அகலம் எடுங்கள்.

ஆனால் இந்த ஃபில்டரில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் எல்.இ.டி. பிரேக் லைட் 620, 630 நானோமீட்டர் சிவப்பு. அதையும் ஃபில்டர் அழித்துவிடும். சிக்னல் விளக்கும் அப்படியே. திரையில் முன்வண்டி சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும். நிஜத்தில் அது பிரேக் அடித்து நின்றிருக்கும். திரை என்பது ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம்பர் பிளேட்டும் சாலைப் பலகையும் மிதமிஞ்சி மின்னி, கேமரா அதற்கு ஏற்பத் தன்னை இருட்டாக்கிக்கொள்வது வேறு பிரச்சினை. மெனுவில் எக்ஸ்போஷர் அளக்கும் பகுதியைப் படத்தின் கீழ்ப்பாதிக்கு, அதாவது சாலைக்கு, மாற்றினால் பெரிதும் சரியாகும். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் அது கேமராக் கோளாறு அல்ல. விளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட், வேகமாக அணைத்து எரித்து ஒளியைக் குறைக்கும் வகை. தொடர் கரன்ட் கொடுக்கும் மாட்யூலுக்கு மாறுங்கள்.

ஊத்தங்கரை: குழந்தைகள் விளக்கைப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதலா?

பக்கத்தில் நின்று பார்த்தால் ஆம். சாதாரண வெளிச்சம் என்றால் கண் தானாக மூடும், முகம் திரும்பும். இது தெரியாத ஒளி, இமை அசையாது. நீண்ட நேரத்துக்குப் பாதுகாப்பான எல்லை சதுர மீட்டருக்கு 100 வாட் என்று வைத்திருக்கிறார்கள். ஐந்து எல்.இ.டி.க்கும் குறுகிய லென்ஸ் போட்ட விளக்கின் நடுக்கதிரில் அரை மீட்டரில் அந்த எல்லை கடந்துவிடும். ஒரு மீட்டரில் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். சாலையில் போகிறவருக்குப் பயமில்லை. ஆபத்து ஒர்க் ஷாப்பில்: பம்பர் முன் குந்தி உட்கார்ந்து எரிகிறதா என்று உற்றுப் பார்க்கிறவருக்கு. சுவிட்சின் பக்கத்தில் ஒரு சாதாரணச் சிவப்பு எல்.இ.டி.யை ரெசிஸ்டரோடு, விளக்கின் லைனுக்கு இணையாகக் கொடுத்துவிடுங்கள். விளக்கு எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

தர்மபுரி: ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளர் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கூடுதல் விளக்குகள் கேள்விக்கு உள்ளாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எஃப்.சி.க்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இரவில் ஹெட்லைட் இல்லாமல் ஓட்டுவது எந்த விளக்கத்தாலும் தப்பாது. பரிசோதனையைப் பொதுச் சாலையில் வேண்டாம், சொந்தத் தோட்டத்து வண்டிப்பாதையில் செய்யுங்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவரை 25, 50, 75, 100 மீட்டரில் நிறுத்தி எதுவரை அடையாளம் தெரிகிறது என்று குறியுங்கள். செயற்கை நூல் துணி ஐ.ஆர்.ல் பல சமயம் வெள்ளையாகத் தெரியும், அதனால் சட்டையைப் பருத்தியில் ஒன்றும் பாலியெஸ்டரில் ஒன்றுமாக மாற்றிப் பாருங்கள்.

காரிமங்கலம்: கேமரா, திரை, விளக்கு எல்லாம் சேர்த்தால் செலவு அதிகமாகிறது. பழைய பிக்கப். வேறு வழி இல்லையா?

இந்த இதழில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. பழைய வண்டியில் ஐ.ஆர். மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஹெட்லைட்டின் வோல்டேஜை அளப்பது. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். பிறகு பல்ப் சாக்கெட்டின் பின்னால் வையுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வெளிச்சம் ஒயரிலேயே தொலைகிறது. இரண்டு 55 வாட் ஹாலஜன் சேர்ந்து எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் இருந்தாலே 1.2 வோல்ட் போய்விடும். ஹாலஜனில் பத்து சதவீத வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதத்துக்குப் பக்கம் குறையும்.

பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், லோவுக்கு ஒன்றும் ஹைக்கு ஒன்றுமாக 30 ஆம்பியர் ரிலே இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் பியூஸ், புதிய எர்த். பழைய சாக்கெட் ரிலேயை இயக்க மட்டும். ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. ஹெட்லைட் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தால் 800, 1500, 2000 எண் தண்ணீர்ச் சாணைத்தாள், பிறகு காம்பவுண்டு, கடைசியில் யு.வி. தாங்கும் கிளியர் கோட். கோட் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். 100 வாட் பல்ப் போடாதீர்கள், ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்ப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். உங்களுக்குத் தூரம் கூடாது.

கடைசியாகச் சாய்வு. 10 மீட்டர் தள்ளிச் சுவரில் லோ பீமின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்துக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். பிக்கப் என்பதால் காலி வண்டியில் வைத்தால் தப்பு. லோடு ஏறியதும் பின்பக்கம் இறங்கி, விளக்கு வானத்தைப் பார்க்கும். வழக்கமாக ஏற்றுகிற எடையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநரையும் உட்கார வைத்துவிட்டுத் திருகைத் திருப்புங்கள்.